ஐம்பத்தாறை எட்டால் வகுத்த விவகாரம்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தொன்பது பேருக்கு, ஐம்பத்தாறை எட்டால் வகுத்தால் ஒன்பது என்று கற்றுக்கொடுத்தவன் நான்தான். அதற்கு எனக்கு ஒன்றரை நிமிடம் பிடித்தது. வாயைத் திறக்கவே இல்லை. இத்தனைக்கும் வாத்தியார் வேலைக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுவது என் தொழில். என்னால் இதுவரை எங்கும் ஒழுங்காக ஒட்ட முடிந்தது டைல்ஸ் மட்டும்தான். அதிலும் சொந்த வீட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

என் மகள் படிப்பது ஒரு மாதிரிப் பள்ளி. அங்கே பிள்ளைகளுக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்ல மாட்டார்கள். விளக்கம் மண்டைக்குள் போய் என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது, பார்க்க முடியாததைப் பள்ளிக்கூடம் நம்பாது என்பது கொள்கை. ஆசிரியையின் கையில் கட்டை விரல் அளவுக்கு ஒரு தகரக் கருவி இருக்கும். கேள்வி கேட்பார். பிள்ளை சரியாகச் சொன்னால் கருவியை அமுக்குவார். ‘டிக்’ என்று சத்தம் வரும். தப்பாகச் சொன்னால் சத்தம் வராது. பத்து டிக்குக்கு ஓர் உலர்ந்த திராட்சை. கேள்விக்குத் தூண்டல் என்று பெயர், பதிலுக்குத் துலங்கல், திராட்சைக்கு வலுவூட்டி. மொத்தத்துக்கும் ஆக்கநிலையுறுத்தம். இந்த வார்த்தையைச் சேர்க்கை அன்று தடுக்காமல் சொல்லி முடித்த ஒரே தகப்பன் நான் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது.

பெற்றோர் வந்து பாடம் பார்க்கும் நாள். கடைசி வரிசையில், எட்டு வயசுப் பிள்ளைக்குச் செய்த நாற்காலியில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தேன். கரும்பலகைக்குக் கீழே நான்கு டைல்ஸ் தூக்கிக்கொண்டு நின்றன. அடியில் கலவை பிடிக்கவில்லை. தட்டினால் கொட கொடவென்று கேட்கும். எந்தப் புண்ணியவான் ஒட்டினானோ. சுற்றியுள்ளதையும் சேர்த்துப் பெயர்த்து ஒட்டினால் எத்தனை வேண்டியிருக்கும் என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன். கணக்குப் போடும்போது என் கை சட்டைப் பையிலிருக்கும் பேனாவைத் தானாக எடுத்துக்கொள்ளும். கட்டை விரல் அதன் தலையை அமுக்கிக்கொண்டே இருக்கும்.

முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை எழுந்து, “ஒன்பது” என்றது.

டிக்.

ஆசிரியை தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். டிக் வந்தால் வகுப்பு முழுக்க அந்தப் பதிலைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. “ஒன்பது” என்றது வகுப்பு. டிக். “ஒன்பது.” டிக். நான் பதினெட்டு டைல்ஸ் தேவைப்படும் என்ற முடிவுக்கு வந்து பேனாவைப் பையில் வைத்தபோது, வகுப்பு பன்னிரண்டு முறை ஒன்பது சொல்லி முடித்திருந்தது.

சொல்லாமல் இருந்தது ஒரே ஒரு பிள்ளை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. என் பிள்ளை. வீட்டில் அவளைப் பட்டாணி என்று கூப்பிடுவோம்.

*

இயக்குநர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் இளம் வயதில் புறாக்களை வைத்து ஆராய்ச்சி செய்தவர். நாற்காலிக்கு மேலே, குடும்பப் படம் மாட்டும் இடத்தில், ஒரு புறாவின் படம் இருந்தது. புறா சற்றுக் களைத்திருந்தது.

“இதுக்குப் பேரு அங்கீகாரமில்லாத வலுவூட்டல்,” என்றார். “உங்க பேனாவ மேசைமேல வைங்க.”

வைத்தேன். அவர் இழுப்பறையிலிருந்து ஒரு கருவியை எடுத்து அமுக்கினார். டிக். ஒரு திராட்சையை என் பக்கம் தள்ளினார். வாயில் போட்டுக்கொண்டேன். மரியாதைக்குத்தான்.

“தப்பு என்னோடது சார்,” என்றேன். “டீச்சர் ஒரு வார்த்தை, ‘ஒன்பது இல்ல, ஏழு’ன்னு சொல்லிட்டா முடிஞ்சுதுல்ல?”

“சொல்றதா?” அவர் முகம், சாப்பாட்டில் தலைமுடி வந்ததுபோல் ஆனது. “சொல்லிக்குடுக்கறது எங்க முறையிலயே கிடையாது. எங்க ஆசிரியர்களுக்கு மூணே பேச்சுதான். கேள்வி, ‘மறுபடி’, ‘அடுத்து’. வேற எது பேசினாலும் பரிசோதனை கலைஞ்சுடும்.”

“அப்ப பிள்ளைங்க எப்படித் தெரிஞ்சுக்கும்?”

“தெரிஞ்சுக்கறதுங்கறது மண்டைக்குள்ள நடக்கற விஷயம் சார். நாங்க மண்டைக்குள்ள போறதில்ல. இருபது வருஷம் புறாவுக்குச் சொல்லிக்குடுத்திருக்கேன். ஒரு புறாகூட என்கிட்ட ‘ஏன்’னு கேட்டதில்ல. பிள்ளைங்களையும் மெதுவா அந்த உயரத்துக்குக் கொண்டுவந்துட்டிருக்கோம்.”

“என் பொண்ணு ஏழுங்கறா சார். அது சரியா தப்பா?”

“சரி, தப்பு ரெண்டுமே கருத்து,” என்றார் அவர் கருணையோடு. “டிக் வருதா வரலையா, அதுதான் உண்மை. ஒன்பதுக்கு இனிமே டிக் கிடையாது. வலுவூட்டல் நின்னா துலங்கல் தானா மறைஞ்சுடும். ஒரு வாரம்.”

*

ஒரு வாரம் நான் தினமும் பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தேன். வேலைக்குப் போகும் வழி என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். வழி எதிர்த்திசையில் இருப்பது அவளுக்கும் தெரியும்.

முதல் நாள் வகுப்பு ஒன்பது என்றது. டிக் வரவில்லை. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தன. தங்களுக்குச் சத்தம் போதவில்லை போலும் என்று நினைத்து உரக்கச் சொல்லின. இரண்டாம் நாள் எழுந்து நின்று சொல்லின. மூன்றாம் நாள் பெஞ்சின்மேல் ஏறி, மேசையைத் தட்டிச் சொல்லின. எதிர்ச்சாரியில் தையல் கடைக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, “என்னங்க, உள்ள ஏலம் போடறாங்களா?” என்று என்னைக் கேட்டார்.

இயக்குநர் மட்டும் புதுமாப்பிள்ளைபோல் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். “பாத்தீங்களா? மறையறதுக்கு முன்னாடி ஒரு வெடிப்பு வரும்னு புத்தகத்துலயே இருக்கு. அப்படியே அச்சுல வார்த்த மாதிரி வருது.”

“காது வலிக்குதே சார்.”

“அதுவும் புத்தகத்துல இருக்கு.”

நான்காம் நாள் பதினொரு மணிக்குச் சத்தம் சட்டென்று நின்றது. என்ன நடந்தது என்று பட்டாணி சாயங்காலம் சொன்னாள். இரைச்சல் தாங்காமல் ஆசிரியை காதைப் பொத்திக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கையை எடுத்துக் கருவியை ஒரே ஒரு தடவை அமுக்கினார். டிக். வகுப்பு கப்சிப். பிள்ளைகள் திருப்தியாக உட்கார்ந்துவிட்டன. ஐந்தாம் நாள் பெஞ்சில் ஏறின, ஆசிரியை உடனே அமுக்கினார், இறங்கின. ஆறாம் நாள் பிள்ளைகள் லேசாகப் பெஞ்சைப் பார்த்தாலே ஆசிரியை அமுக்கினார். யார் யாரைப் பழக்கினார்கள் என்பது இயக்குநரின் அறிக்கையில் இடம்பெறவில்லை.

அன்று வாசலில் ஆசிரியையை மடக்கினேன். சின்ன வயசுதான், கண்ணுக்குக் கீழே கருப்பாக இருந்தது.

“டீச்சர், ஏழுதானே?”

அவர் வராந்தாவைத் திரும்பிப் பார்த்தார். இயக்குநர் நின்றுகொண்டிருந்தார்.

“மறுபடி,” என்றார் ஆசிரியை. சற்று யோசித்து, “அடுத்து,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

*

அடுத்தது வீட்டுக்கு வந்த கண்காணிப்பாளர். பட்டாணிக்கு மட்டும் ஏன் ஒன்பது ஒட்டவில்லை என்று அவளது சூழலை ஆராய அனுப்பப்பட்டிருந்தார். கழுத்தில் நிறுத்துக் கடிகாரம், கையில் கட்டம் போட்ட தாள். என் மனைவி தண்ணீர் கொடுத்தாள். ‘தண்ணீர்: ஒரு முறை’ என்று எழுதிக்கொண்டார்.

“ஏழுன்னு எங்கேருந்து வந்துச்சு பாப்பா?” என்று அவர் கேட்க முடியாது, அது மண்டைக்குள் போவதாகிவிடும். அதனால் பேசாமல் அவள் பின்னாலேயே நடந்தார். பட்டாணி நேராகக் குளியலறைக்குக் கூட்டிப் போனாள்.

எங்கள் குளியலறைச் சுவரைப் பற்றி இங்கே சொல்லத்தான் வேண்டும். ஏழு வீடுகளில் வேலை முடிந்தபோது மிஞ்சியதைக் கொண்டுவந்து ஒட்டியது. ஒரு வரிசை பச்சை, ஒரு வரிசை பூப்போட்டது, ஒரு வரிசை யாரோ ஒரு பல் டாக்டர் வீட்டு வெள்ளை. “ஊரான் வீட்டுச் சுவரெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும், நம்ம வீட்டுச் சுவர் மட்டும் ஒட்டுப்போட்ட பாவாடை,” என்பாள் மனைவி. ஆனால் அந்தச் சுவரில்தான் என் மகள் குளித்துக்கொண்டே எண்ணக் கற்றாள். வரிசைக்கு எட்டு. மொத்தம் ஐம்பத்தாறு.

பட்டாணி ஒவ்வொரு வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனாள். கண்காணிப்பாளர் கடிகாரத்தை அமுக்கினார், எழுதினார், மறுபடி அமுக்கினார்.

“சுவரைப் பாத்தது பதினாலு தடவை,” என்று படித்துக் காட்டினார். “கை பட்டது ஏழு தடவை. உதடு அசைஞ்சது ஏழு தடவை.”

“அதேதான் சார். ஏழு.”

“உதடு அசைவுன்னு எழுதியிருக்கேன். எதுக்கு அசைஞ்சுதுன்னு எழுதக் கட்டம் இல்ல.”

“நீங்களே எண்ணிப் பாருங்களேன். எத்தனை வரிசை இருக்கு?”

அவர் சுவரைப் பார்த்தார். எண்ணினார் என்றே நினைக்கிறேன். அவர் உதடும் அசைந்தது. பிறகு தாளை மடித்தார்.

“நான் பாக்கறதோட சரிங்க. முடிவெல்லாம் மேல் மாடி.”

போகும்போது வாசல்படியில் நின்று, “அந்த மூணாவது வரிசை லேசா சாஞ்சிருக்கு,” என்றார். அந்த வீட்டில் அவர் சொன்ன ஒரே சொந்தக் கருத்து அது. அது உண்மையும்கூட.

*

மேல் மாடியின் முடிவு ஒரு சுற்றறிக்கையாக வந்தது. வருடாந்திர மதிப்பீடு நெருங்குகிறது. ஒரு வகுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஒரே துலங்கலைத் தந்தால் அந்த வகுப்பு தேறியது. மூன்றாம் வகுப்பில் நாற்பதுக்கு முப்பத்தொன்பது பேர் ஒரே குரலில், தடுமாறாமல், கேள்வி முடிவதற்கு முன்பே ஒன்பது என்கிறார்கள். பள்ளியின் வரலாற்றில் இவ்வளவு உறுதியான துலங்கல் எந்தப் பாடத்திலும் கிடைத்ததில்லை. எனவே நிலைபெற்ற விடை ஒன்பது. அடைப்புக்குறிக்குள், ‘இவ்வாண்டுக்கு மட்டும்’.

எனக்குத் தனியாக ஒரு கடிதம். என் மகளிடம் ‘பிறழ் துலங்கல்’ காணப்படுகிறது. திங்கட்கிழமை மதிப்பீட்டாளர் முன்னிலையில் அவளுக்கு மூன்று வாய்ப்புகள் தரப்படும். அதற்குள் ஒன்பது வராவிட்டால் அவள் மறுபழக்கப் பிரிவுக்கு மாற்றப்படுவாள். அங்கே மறுபடி மூன்றாம் வகுப்பு, ஒரு வருடம்.

மறுபழக்கப் பிரிவைப் போய்ப் பார்த்தேன். பின்பக்கக் கட்டடம். பிள்ளைக்கு ஒரு தடுப்பு, தடுப்புக்கு ஒரு நாற்காலி. பக்கத்துப் பிள்ளையின் முகம் தெரியாது. வாசலில் நின்றபோது, பதினைந்து பிள்ளைகள் இருக்கும் அறையில் ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. இருமல் சத்தம்கூட ஏதோ அனுமதி வாங்கி வந்ததுபோல் இருந்தது. பட்டாணி தூக்கத்தில்கூடப் பேசுகிறவள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு பொட்டலம் திராட்சை வாங்கினேன்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. மகளைச் சமையலறை மேசையில் உட்காரவைத்து, எதிரே நான் உட்கார்ந்தேன். இயக்குநர் உட்காரும் கோணம் எனக்கு அத்தனை சுலபமாக வந்தது.

“பட்டாணி, திங்கக்கிழமை கேட்டாங்கன்னா ஒன்பதுன்னு சொல்லிடணும். சரியா? இப்பச் சொல்லு, அப்பா திராட்சை தரேன்.”

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“ஏம்ப்பா, ஏழா ஒன்பதா?”

“பள்ளிக்கூடத்துல ஒன்பது.”

“நம்ம வீட்ல?”

“அதை அப்புறம் பேசிக்கலாம்.”

“அப்ப நம்ம சுவர்ல எத்தனை வரிசை?”

“இப்ப சுவரை ஏன் இழுக்கற?”

அடுப்புப் பக்கம் நின்றிருந்த மனைவி திரும்பாமலே சொன்னாள்: “பதில் சொல்லுங்களேன். பிள்ளை உங்களத்தான கேக்குது.”

“நாளைக்கு அவள அந்தக் கட்டடத்துல போட்டா நீ சந்தோஷப்படுவியா?”

“நான் அதக் கேக்கல. அவ கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கன்னேன்.”

ஒரு திராட்சையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பட்டாணி நாற்காலியிலிருந்து இறங்கி, “அப்பா இயக்குநர் சார் மாதிரியே பேசுதும்மா,” என்று அம்மாவிடம் புகார் செய்துவிட்டுப் போனாள். வாழ்க்கையில் என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள்; கோணலாக ஒட்டிய தரைக்கு ஒரு வீட்டுக்காரர் என் பரம்பரையையே இழுத்திருக்கிறார். அதெல்லாம் இந்த அளவுக்கு உள்ளே இறங்கியதில்லை.

*

திங்கட்கிழமை. நீள மேசைக்குப் பின்னால் மதிப்பீட்டாளர், இயக்குநர், கண்காணிப்பாளர். ஓரமாக ஆசிரியை. எதிரே ஒரு நாற்காலியில் பட்டாணி. கால் தரையில் எட்டவில்லை. சுவரோரம் இன்னொரு நாற்காலியில் நான்.

மதிப்பீட்டாளர் முதலில் எங்களை அமைதிப்படுத்தும் விதமாகப் பேசினார்.

“யாரும் பயப்பட வேண்டாம். இங்க யாரும் குழந்தைய எடை போடல. குழந்தைங்கறதே எங்க அறிக்கையில இல்ல, துலங்கல்தான் இருக்கு. முப்பத்தொன்பது துலங்கல் ஒரு பக்கம், ஒண்ணு மட்டும் ஒரு பக்கம். அந்த ஒண்ணும் வந்து சேந்துட்டா எல்லாருக்கும் நல்லது. முன்ன ஒரு பள்ளிக்கூடத்துல நூத்துக்கு நூறு வாங்கினாங்க. என்ன கேட்டாலும் பிள்ளைங்க ‘ஆமாம்’னு சொல்லும். பேர் கேட்டாக்கூட ‘ஆமாம்’தான். கண்ணு கலங்கிடுச்சு எனக்கு.”

இயக்குநர் தலையாட்டினார். அவருக்கும் கலங்கியிருந்தது.

“ஐம்பத்தாறை எட்டால வகுத்தா?” என்றார் மதிப்பீட்டாளர்.

பட்டாணி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். தொழில் முறையில் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

“ஏழு,” என்றாள்.

டிக் வரவில்லை. கண்காணிப்பாளர் எழுதினார்.

“மறுபடி,” என்றார் மதிப்பீட்டாளர்.

“ஏழு.” குரல் இந்தத் தடவை இறங்கியிருந்தது.

“கடைசி வாய்ப்பு. ஐம்பத்தாறை எட்டால வகுத்தா?”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆசிரியையைப் பார்த்தாள். பிறகு மதிப்பீட்டாளரிடம் கேட்டாள்: “ஒன்பதுன்னு சொன்னா நான் என் கிளாஸ்லயே இருக்கலாமா?”

“கேள்வியெல்லாம் துலங்கல்ல சேராது,” என்றார் அவர். “பதில் மட்டும்.”

அவள் முகம் சுருங்கியது. அழுகை வருவதற்கு முன்னால் மோவாயில் ஒரு குழி விழும். பிறந்த அன்றிலிருந்து எனக்குத் தெரிந்த குழி. வாய் திறந்தது. ஒன்பது அதன் விளிம்பு வரைக்கும் வந்துவிட்டது.

எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

“கொஞ்சம் இரு பட்டாணி,” என்றேன். “ஏழும்மா. ஏழுதான். அன்னைக்கே சொல்லியிருக்கணும்.” பிறகு மேசைப் பக்கம் திரும்பினேன். “சார், மூணு வாரமா ஒரே கேள்விய கேட்டுக்கிட்டிருக்கேன். இவ சொன்னது சரியா தப்பா? ஒரு வார்த்தை.”

“நிலைபெற்ற விடைங்கற அடிப்படையில...” என்று ஆரம்பித்தார் மதிப்பீட்டாளர்.

“அடிப்படை வேணாம் சார். சரியா தப்பா?”

“நான் இயக்குநரோட கலந்துதான்...”

இயக்குநர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் தாளைப் பார்த்தார். அதில் அந்தக் கட்டம் இன்றும் இல்லை. மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக, கடைசியில் தள்ளிவிட வேறு ஆள் இல்லாமல், ஓரத்தில் நின்றவரைப் பார்த்தார்கள்.

நானும் திரும்பினேன். “நீங்க சொல்லுங்க டீச்சர். என் பொண்ணு சொன்னது சரியா தப்பா?”

“டீச்சர்,” என்றார் இயக்குநர், மெதுவாக. “உங்க மூணு பேச்சு ஞாபகம் இருக்கட்டும்.”

“இருக்கு சார்,” என்றார் ஆசிரியை. மூன்று வருட வேலையில் அந்தக் கட்டடத்துக்குள் அவர் பேசிய நான்காவது பேச்சு அதுவாகத்தான் இருக்க வேண்டும், குரல் கரகரத்தது. ஒருமுறை செருமிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“சரி. ஐம்பத்தாறை எட்டால வகுத்தா ஏழு. மத்த முப்பத்தொன்பது பேருக்கும் நாளைக்கு முதல் பீரியட்ல நானே சொல்லிடறேன்.”